அரை டாலர் மிச்சம்

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு அமெரிக்க நாவலாசிரியர் தியோடர் டிரைசரை எடுத்திருக்கிறேன். ‘சிஸ்டர் கேரி’யை மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் பாதியில் வைத்துவிட்டேன். நடை கரடுமுரடாக இருக்கிறது. “இயல்புவாதம், அதாவது மனிதர்கள் சூழ்நிலையின் கைப்பொம்மைகள் என்று எழுதினால் போதும்” என்கிறார்கள். அதை எழுத நாவலையே படிக்க வேண்டாமே என்று தோன்றுகிறது. டிரைசரை எப்படிப் படிப்பது? எந்த வரிசையில்?

எம்., திண்டுக்கல்

அன்புள்ள எம்.,

உங்களுக்குத் தோன்றியது சரிதான். அந்த ஒரு வரிக்கு நாவல் தேவையில்லை. ஆனால் நீங்கள் மூன்று முறை திரும்பிப் போயிருக்கிறீர்களே, அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நடை கரடுமுரடு என்பதை நான் மறுக்க மாட்டேன். டிரைசர் வறுமையில் உழன்ற பெரிய குடும்பத்துப் பிள்ளை. சிகாகோ, செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க் என்று ஊர் ஊராகப் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தவர். சொன்னதையே திரும்பச் சொல்வார், நடுவில் கதையை நிறுத்திவிட்டுத் தத்துவம் பேசுவார். அந்த இடங்களை வேகமாகத் தாண்டிப் போங்கள், தப்பில்லை. ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பதினெட்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பும் பெண், ஒன்று நல்லவர் கையில் சேர்ந்து உயர்வாள், இல்லை கெட்டுப்போவாள் என்று முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறார். அப்புறம் அவர் எழுதிய நாவலே அதைப் பொய்யாக்கிவிடுகிறது. கேரி இரண்டில் எதுவாகவும் ஆவதில்லை. டிரைசரின் தத்துவத்தைவிட அவருடைய கண் பெரியது என்று நான் நம்புவதற்கு இது போதும்.

இந்த முறை ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் பணம் வருகிற இடத்தையெல்லாம் அதில் குறித்துக்கொண்டே போங்கள். 1889 ஆகஸ்டில் கேரி சிகாகோவுக்கு ரயில் ஏறும்போது அவளிடம் இருப்பது நான்கு டாலர். செருப்புத் தொழிற்சாலையில் ஆண்கள் செருப்பின் வலதுபக்க மேல்தோலில் துளை போடும் வேலை, வாரம் நாலரை டாலர். அக்கா மின்னி சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் நான்கு டாலர் வாங்கிக்கொள்கிறாள். மிச்சம் அரை டாலர். குளிர்காலம் வருகிறது, ஜாக்கெட் கிடையாது, காய்ச்சலில் படுக்கிறாள், வேலை போகிறது. தெருவில் திரும்ப வேலை தேடி அலையும்போது ரயிலில் பார்த்த விற்பனைப் பிரதிநிதி டுரூவே எதிரே வருகிறான். நல்ல ஓட்டலுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கித் தருகிறான். கையில் இரண்டு பத்து டாலர் நோட்டுகளை வைக்கிறான்.

இங்கே நின்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் அரை டாலர் சேர்த்தால் இருபது டாலருக்கு நாற்பது வாரம் ஆகும். அதற்குள் அந்தக் குளிர்காலமே முடிந்திருக்கும். இந்தக் கணக்கை டிரைசர் போட்டுக் காட்டுவதில்லை, எண்களை மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். கடைக்குப் போய் ஜாக்கெட்டைத் தொட்டுப் பார்க்கிறாள் கேரி. பணம் பையில் இருக்கிறது, ஆனால் வாங்க முடியவில்லை. போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனால் பணம் ஏது என்று அக்கா கேட்பாளே! அவள் அக்கா வீட்டை விட்டுப் போவதை அந்த ஜாக்கெட்தான் தீர்மானிக்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் அவள் டுரூவேயிடம் போகிறாள், கொடுக்கவில்லை. இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு இன்னும் தொண்டை அடைக்கும்.

அடுத்து ஹர்ஸ்ட்வுட், கேரிமேல் ஆசைப்படும் இன்னொருவர். பெரிய மதுக்கூடத்தின் மேலாளர், நாலு பேர் மதிக்கும் மனிதர். ஓர் இரவு முதலாளியின் பெட்டகம் பூட்டாமல் கிடக்கிறது, உள்ளே பத்தாயிரம் டாலருக்கு மேல். எடுக்கிறார், திரும்ப வைக்கிறார், மறுபடி எடுக்கிறார். பணம் கையில் இருக்கும்போதே பூட்டு ‘கிளிக்’ என்று விழுந்துவிடுகிறது. அதைச் சாத்தியது அவர்தானா? நாவல் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுகிறது. பொம்மைகள் என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும். பொம்மை எடுத்த பணத்தைத் திரும்ப வைக்காது, பொம்மைக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாது.

‘சிஸ்டர் கேரி’க்குக் கால் நூற்றாண்டு கழித்து 1925இல் வந்த ‘ஆன் அமெரிக்கன் டிராஜெடி’யிலும் அதே ‘கிளிக்’ கேட்கிறது. 1906இல் நியூயார்க் மாநிலத்துப் பிக் மூஸ் ஏரியில் கிரேஸ் பிரவுன் என்ற கர்ப்பிணிப் பெண் இறந்ததும், அவளுடைய காதலன் செஸ்டர் ஜில்லெட் 1908இல் மின்சார நாற்காலிக்குப் போனதும் நடந்த விஷயம். டிரைசர் அதை எடுத்துக்கொண்டார். நாவலில் கிளைட் என்ற இளைஞன் கர்ப்பமான காதலியைக் கொல்லத் திட்டம் போட்டுத்தான் அவளோடு படகில் ஏறுகிறான். கடைசி நொடியில் கை வரவில்லை. அவள் அருகே வரும்போது விலக்கப் போய், கையிலிருந்த கேமரா அவள் முகத்தில் படுகிறது. படகு கவிழ்கிறது, அவன் நீந்திக் கரையேறிவிடுகிறான், அவளைக் காப்பாற்றாமல். கொலையா, விபத்தா? நீதிமன்றத்துக்கு ஒரு பதில் வேண்டும். டிரைசர் நம்மை அந்தப் படகிலேயே உட்கார வைத்துவிடுகிறார்.

ஆகவே ‘சிஸ்டர் கேரி’, உடனே ‘ஆன் அமெரிக்கன் டிராஜெடி’. பிறகு ‘ஜென்னி கெர்ஹார்ட்’. நிதி முதலாளி கௌபர்வுட்டைப் பற்றிய மூன்று நாவல்களும் இப்போதைக்கு இருக்கட்டும்.

எந்தப் பதிப்பு என்பதையும் பார்த்து வாங்குங்கள். 1900இல் ‘சிஸ்டர் கேரி’யை வெளியிட்ட பதிப்பகம் ஒப்பந்தத்துக்காக வேண்டாவெறுப்பாகத்தான் அச்சடித்தது. விற்றது 456 பிரதிகள். அந்தப் பதிப்புக்கு முன்பே டிரைசரின் மனைவியும் நண்பர் ஆர்தர் ஹென்றியும் கையெழுத்துப் பிரதியில் நிறைய வெட்டியிருந்தார்கள். வெட்டியதைச் சேர்த்துப் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1981இல் ஒரு பதிப்பைக் கொண்டுவந்தது. 1900 பதிப்பு ஆடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கும் கேரியோடு முடியும். பென்சில்வேனியா பதிப்பு, மலிவான விடுதி அறையில் எரிவாயுவைத் திறந்துவிட்டுச் சாகப் படுக்கும் ஹர்ஸ்ட்வுட்டோடு முடியும். இரண்டு முடிவையும் அடுத்தடுத்த நாளில் படியுங்கள். எது உங்களைத் தூங்கவிடவில்லை என்று எனக்கு எழுதுங்கள்.