பாதியிலேயே கொலையாளி தெரிந்துவிடுகிறதா? இவற்றைப் பாருங்கள்

பாதிப் புத்தகத்திலேயே கொலையாளியை ஊகித்துவிடுவதாகவும், ரத்தக்களரி இல்லாத, 2015க்குப் பிந்தைய நாவல் வேண்டுமென்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆன்டனி ஹோரோவிட்ஸின் ‘மேக்பை மர்டர்ஸ்’ (2016) நாவலில் தொடங்குங்கள். நாவலுக்குள் இன்னொரு துப்பறியும் நாவல். பதிப்பாசிரியர் ஒருவர் படிக்கும் கையெழுத்துப் பிரதியில் முடிவு மட்டும் காணவில்லை. அதை எழுதியவரும் இறந்துபோகிறார். ஆக, முடிச்சு இரண்டு. ஒன்றை ஊகித்தாலும் மற்றது நழுவும். முதல் பாதி பழைய பாணிக் கிராமத்துக் கொலைக்கதையாக மெதுவாக நகரும். அங்கே பக்கம் தாவினால் போச்சு, இரண்டாம் பாதிக்கான தடயங்கள் அதில்தான் கிடக்கின்றன. பிடித்துப்போனால் அடுத்தது ‘மூன்ஃப்ளவர் மர்டர்ஸ்’ (2020). வரிசையை மாற்றாதீர்கள்.

அடுத்து, ஜேனிஸ் ஹேலட்டின் ‘தி அப்பீல்’ (2021). மின்னஞ்சல்களும் குறுஞ்செய்திகளுமாகவே கதை நகர்கிறது. யார் எதைச் சொல்லாமல் விடுகிறார் என்பதே இதில் தடயம், அதனால் வழக்கமான ஊகங்கள் எடுபடாது. பாத்திரங்கள் ஏராளம். யார் யாருக்கு என்ன உறவு என்று தொடக்கத்திலேயே ஒரு தாளில் குறித்துவிடுங்கள்; ஒரு வாரம் இடைவெளி விட்டால் பெயர்கள் குழம்பிவிடும். கைபேசித் திரையைவிட அச்சுப் புத்தகமே இதற்கு நல்லது, முன்னும் பின்னும் புரட்ட வேண்டியிருக்கும்.

ரிச்சர்ட் ஆஸ்மனின் ‘தி தர்ஸ்டே மர்டர் கிளப்’ (2020) அருமையான நாவல்தான், ஆனால் உங்கள் குறைக்கு மருந்தல்ல. அதன் பலம் புதிரைவிட, அதில் துப்புத் துலக்கும் நான்கு முதியவர்களே.

எதை எடுத்தாலும் நாவலை முடித்த பிறகே வாசகர் விமர்சனங்களைப் படியுங்கள்.