சேர்ந்திசைக்குப் பூக்களும் தோட்டங்களும் எப்படித் தூண்டுதலாகின்றன?

அழகை வர்ணிப்பதற்காக மட்டும் இசையமைப்பாளர்கள் பூக்களைத் தேடிப் போவதில்லை. மலர்வதும் வாடுவதும் காலத்தில் நிகழ்பவை, இசையும் அப்படித்தான்.

எனக்கு மிகப் பிடித்த சான்று, ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் 1950இல் எழுதிய 'ஐந்து மலர்ப் பாடல்கள்'. தோட்டத்தில் பேரார்வம் கொண்ட எல்ம்ஹர்ஸ்ட் தம்பதியின் 25ஆம் திருமண நாளுக்காக எழுதப்பட்டது. இசைக்கருவி கிடையாது, நான்கு வகைக் குரல்கள் மட்டுமே. நான்கு மாதங்களை வரிசையாகப் பாடும் இரண்டாம் பாடலில் ஏப்ரல் சொப்ரானோ என்ற உயர்ந்த பெண்குரலில் தொடங்குகிறது. மே ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரலிடமும், ஜூன் டெனர் என்ற உயர்ந்த ஆண்குரலிடமும், ஜூலை பாஸ் என்ற தாழ்ந்த ஆண்குரலிடமும் வருகின்றன. ஒரு மாதத்தின் பூக்கள் உதிரும் முன்பே அடுத்த மாதம் மொட்டு விடுவதை இங்கே காதால் கேட்கலாம். தனிக்குரலில் இது இயலவே இயலாது! மூன்றாம் பாடல் சதுப்பு நிலத்தின் முரட்டுச் செடிகளைப் பற்றியது. இனிய மலர்கள்தாம் பாட்டுக்கு ஏற்றவை என்ற எண்ணத்தை அது உடைப்பதால், தொகுப்பிலேயே துணிச்சலான பாடல் இதுதான் என்பேன். அடுத்தது, அந்தியில் மலர்ந்து பகலில் வாடும் ஈவ்னிங் பிரிம்ரோஸ். குரல்கள் மெல்ல, ஒன்றாகவே நகர்கின்றன.

ரோஜாவுக்குத் தனி மரபு உண்டு. இயேசுவின் பிறப்பை ரோஜாவாகப் பாடும் ஜெர்மானியக் கிறிஸ்துமஸ் பாடலை மிகாயேல் பிரிட்டோரியஸ் 1609இல் நான்கு குரல்களுக்கு அமைத்தார். கவிஞர் ரில்கேயின் பிரெஞ்சு ரோஜாக் கவிதைகளை 1993இல் அமெரிக்க இசையமைப்பாளர் மார்ட்டன் லாரிட்சன் சேர்ந்திசையாக்கினார். இவற்றில் முதலில் கேட்க வேண்டியது பிரிட்டோரியஸின் அமைப்பு. மிகக் குறுகியது, எளிதில் பிடிபடும்.