கடைக் கொப்பியும் பொருளியலும்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்புக்குரிய ஐயா,

என் மகள் உயர்தர வர்த்தகப் பிரிவில் தமிழ்மொழி மூலம் மூன்று பாடங்களிலும் ஏ சித்தி பெற்றிருக்கிறாள். பொருளியலும் நிர்வாகமும் சார்ந்த பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பல்கலைக்கழகம் தொடங்கச் சில மாதங்கள் இருக்கின்றன. ஆங்கிலம், கணினி, கணக்கியல் என ஆளுக்கொரு வகுப்பைச் சொல்கிறார்கள். சொந்தக் கட்டடத்தில் சிறிய பலசரக்குக் கடை நடத்துகிற என்னால் எல்லாவற்றுக்கும் பணம் கட்ட இயலாது. எதைத் தெரிவு செய்வது?

ஒரு தந்தை, கொட்டாஞ்சேனை

அன்புள்ள ஐயா,

மகளுக்கு என் வாழ்த்துகள். உயர்தரத்தில் மாதிரி விடைகளை நன்கு பயின்றவர் உயர்ந்த புள்ளி பெற்றுவிடலாம். பல்கலைக்கழகத்திலோ, ஓர் எண்ணைக் கண்டதும் அது எதை அளக்கிறது என்று தானாகக் கேட்கும் பழக்கம் இல்லாதவர் முதலாம் ஆண்டிலேயே தடுமாறுகிறார். ஆகவே முதலில் வேண்டியது அந்தப் பழக்கம்தான்.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுக்காண்டுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்து, 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாக இறங்கியது. அப்படியானால் பொருள்களின் விலை குறைந்துவிட்டதா என்று மகளிடம் கேளுங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருள்கள் ஓராண்டில் ஏறத்தாழ 170 ரூபாவாகி, அடுத்த ஆண்டில் 172 ரூபாவாயின என்பதைக் கணித்து, வேகம் தணிந்ததே தவிர விலை இறங்கவில்லை என்று அவர் தம் சொற்களில் ஒரு பந்தி எழுதிவிட்டால், படிப்பின் கடினமான வாசலைக் கடந்துவிட்டார் என்றே சொல்வேன். கடையில் நின்று வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்கிற உங்களுக்கு இது ஏற்கெனவே தெரியும்.

அந்தக் கடையே அவருக்கு நல்ல பயிற்சிக் களம். சொந்தக் கட்டடம் என்பதால் நீங்கள் வாடகை கொடுப்பதில்லை. ஆனால் அதை இன்னொருவருக்கு விட்டிருந்தால் வந்திருக்கக்கூடிய வாடகையை இழக்கிறீர்கள். கொப்பியில் எங்கும் எழுதப்படாத அந்தத் தொகைதான் அவர் பாடத்தில் படித்த அமையச் செலவு. அதைச் சேர்த்தால் கடையின் இலாபம் எவ்வளவு மிஞ்சும் என்று அவர் கணக்குப் பார்க்கட்டும். உங்களுக்குச் சற்று மனக்கஷ்டம் தரலாம். இருந்தாலும் கொப்பியைக் கொடுங்கள். எக்செல்லையும் அந்தக் கணக்கிலேயே பழகிவிடலாம், அதற்கெனத் தனி வகுப்பு வேண்டியதில்லை.

நிர்வாகப் பாடத்துக்கு வேண்டியது வாசிப்பு. ஏதாவதோர் அரச சுற்றுநிருபத்தை எடுத்து, யார், எதை, எப்போதைக்குள், எந்த அதிகாரத்தின் கீழ் செய்ய வேண்டும் என்பதை ஐந்து வாக்கியங்களில் எழுதிப் பழகட்டும்.

பணம் கட்டுவதானால் ஆங்கிலத்துக்குக் கட்டுங்கள். விரிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். ஆனால் பேச்சு வகுப்பாக அன்றி, வாசித்துச் சுருக்கி எழுதப் பயிற்றும் வகுப்பாகத் தேடுங்கள். தமிழில் கற்ற கலைச்சொற்களைக் கைவிடச் சொல்லாதீர்கள்; பொருள் விளங்கிய சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதிக்கொண்டால் போதும்.

கணிதத்தை நீங்கள் குறிப்பிடவில்லை, எனக்கு அதுவே கவலை. எல்லைச் செலவை, அதாவது ஓர் அலகைக் கூடுதலாக உற்பத்தி செய்ய ஆகும் மேலதிகச் செலவை, வகையீடு என்ற கணித முறையின் மூலம் காணும்படி விரைவிலேயே கேட்பார்கள். வர்த்தகப் பிரிவில் படித்தவர்களுக்கு அது புதிது. அயலில் இணைந்த கணிதம் படித்த பிள்ளை யாராவது இருந்தால், வாரத்தில் இரண்டு மணி நேரம் அவரிடம் உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். இந்த மாதமே தொடங்கட்டும்.