25 பேரோடு மே மாதம் மலைக்குப் போக

மூட்டுவலி உள்ள பாட்டி முதல் கைக்குழந்தை வரை 25 பேர், கொடைக்கானலா ஏற்காடா என்று கேட்டிருந்தீர்கள். ஏற்காடு போங்கள். கொடைக்கானலில் குளிர் கூடுதல்தான். ஆனால் மலைப்பாதை நீளம், மே மாத நெரிசல் வேறு. 2024 மே 7 முதல் அங்கே வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸும் வேண்டும். ஏற்காட்டுக்கு சேலத்திலிருந்து சுமார் 30 கி.மீ.தான். 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, அதனால் வாந்தி வரும் பிள்ளைகளை முன்சீட்டில் உட்கார வையுங்கள். மலர்க் கண்காட்சி நாட்களையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள்.

ஒரே பேருந்து வேண்டாம், இரண்டு வேன் எடுங்கள். பாட்டிக்குக் களைப்பு வந்தால் ஒரு வேன் அறைக்குத் திரும்பும், மற்றவர்கள் பகோடா பாயிண்ட் என்ற காட்சிமுனையைப் பார்க்கலாம். கிளியூர் அருவிக்குக் கீழே இறங்கி ஏற வேண்டும், பாட்டியைக் கூட்டிப் போகாதீர்கள்.

அப்புறம் சாப்பாடு. முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொள்ளுங்கள், மற்ற நாட்களுக்கு ஒரு சமையல்காரரை அமர்த்துங்கள். அத்தையும் சித்தியும் அங்கேயும் அடுப்படியில் நிற்பது நியாயமே இல்லை. வீட்டுக்கு இவ்வளவு என்று பணத்தைக் கிளம்புவதற்கு முன்பே வாங்கி ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள்.