ஜோசப் ஓ'பிரையன்: அப்பா கொடுத்தது எவ்வளவு, அவராகச் செய்தது எவ்வளவு?

"ஜோசப் ஓ'பிரையன் பந்தயக் குதிரைப் பயிற்சியாளராக இத்தனை சீக்கிரம் பெரிய ரேஸ்களை ஜெயித்தது திறமையாலா, அப்பாவின் செல்வாக்காலா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தொடக்கம் அப்பாவால்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்பா எய்டனும் பயிற்சியாளர், அயர்லாந்தின் பாலிடாயில் லாயத்தை நடத்துபவர். ஜோசப் ஜாக்கியாக (குதிரை ஓட்டுபவராக) 2012-லும் 2014-லும் இங்கிலாந்து டெர்பி ஜெயித்ததும் அப்பா பழக்கிய குதிரைகளில்தான். வளர்த்தி அதிகம், எடை கட்டுப்படவில்லை, பயிற்சிக்கு வந்துவிட்டார். ஓனிங் மலைச்சரிவில் கிடைத்த லாயம்கூட அம்மா வீட்டு வழியில் வந்தது. 2016 ஜூனில் லைசென்ஸ் வாங்கி முதன்முதலாகக் குதிரைகளை இறக்கிய அன்றைக்கே 4 வெற்றி!

ஆனால் கட்டிக்கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு வரும்?

புதுப் பயிற்சியாளரை எடைபோட எல்லோரும் முதலில் பார்ப்பது வெற்றிச் சதவீதம். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். ஒரே ரேஸில் மூன்று குதிரைகளை இறக்கினால் இரண்டு தோற்றே ஆக வேண்டும். சின்ன ரேஸாகப் பொறுக்கி ஓட்டுபவருக்குச் சதவீதம் தானாக ஏறும். நான் பார்ப்பது, யாரைத் தோற்கடித்து ஜெயித்தார் என்பதை.

ஜோசப்பின் முதல் குரூப் 1 (மிக உயர்ந்த தர ரேஸ்) வெற்றி, லைசென்ஸ் வாங்கிய மூன்றே மாதத்தில், இன்ட்ரிகேட்லி என்ற பெண்குதிரை கொடுத்தது. இரண்டாவதாக வந்தது அப்பாவின் ஹைட்ரேஞ்சியா. 2018 ஐரிஷ் டெர்பியில் லாட்ரோப் ஜெயித்தபோது இரண்டாவது அப்பாவின் ராஸ்ட்ரோபோவிச். ஆஸ்திரேலியாவின் பெரிய ரேஸான மெல்போர்ன் கப், அதன் 2017 ஓட்டத்தை இன்றைக்குப் போட்டுப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். அப்பாவின் ஜொஹன்னஸ் வெர்மீர் முன்னால் போய்விட்டது, முடிந்தது என்றுதான் நினைப்போம். ஜாக்கியோடு சேர்த்து 51.5 கிலோ மட்டும் சுமந்த ஜோசப்பின் ரீகிண்ட்லிங் எட்டிப் பிடித்து, அரைக் குதிரை நீள வித்தியாசத்தில் கோட்டைத் தாண்டுகிறது. ஜோசப்புக்கு அப்போது 24 வயது. அப்பாவின் நிழல் என்றால், அதே அப்பாவின் குதிரைகளை இத்தனை முறை எப்படித் தாண்ட முடியும்?

இரண்டாவதாக, வேறு லாயத்திலிருந்து வந்த குதிரை இவரிடம் என்ன ஆனது என்று பார்ப்பேன். எனக்கு இதுதான் முக்கியம். ட்விலைட் பேமென்ட், ஜிம் போல்ஜர் என்ற வேறொரு பயிற்சியாளரிடம் வளர்ந்த குதிரை, 2019-ல்தான் ஜோசப்பிடம் வந்தது. அந்த வருஷ மெல்போர்ன் கப்பில் 11-வது இடம். வயசான குதிரை, இனி அவ்வளவுதான் என்று எழுதியிருக்கலாம். அடுத்த வருஷம் அதே கப்பில் முன்னாலேயே ஓடிக் கடைசிவரை விடாமல் ஜெயித்தது. இரண்டாவது யார்? அப்பாவின் டைகர் மாத்!

பிறகு ஸ்டேட் ஆஃப் ரெஸ்ட் என்ற குதிரை ஜெயித்த ரேஸ்கள். 2021 ஆகஸ்டில் அமெரிக்காவில் சரடோகா டெர்பி, அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் காக்ஸ் பிளேட், 2022-ல் பிரான்ஸில் பிரி கானே, ஜூனில் இங்கிலாந்தின் அஸ்காட்டில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ். ஒரு வருஷம்கூட ஆகவில்லை, நாலு நாடு. விமானத்தில் ஏற்றி இறக்கிய குதிரை தீனியைக் குறைக்கும், எடை இழக்கும். அதை மறுபடி மறுபடி தயார் நிலைக்குக் கொண்டுவர லாயத்தில் தினமும் கண்ணும் கையும் வேண்டும். அதை எந்த அப்பாவும் எழுதி வைத்துவிட்டுப் போக முடியாது.