மாநாட்டுக்கு முன்பே முடிவுகளைக் கேட்கும் நிருபர்: மார்த்தாண்டம் நண்பருக்கு

ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்களின் தோல் நோய் பற்றிய உங்கள் ஆய்வு முடிவுகளை, மாநாட்டுக்குப் பத்து நாள் முன்பே நிருபர் ஒருவர் கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கொடுக்காதீர்கள். முதலில் மாநாட்டுக் குழுவின் வெளியீட்டுத் தடை விதியை, அதாவது குறித்த நேரத்துக்கு முன் முடிவுகளை வெளியிடக் கூடாது என்னும் விதியைப் படியுங்கள். அது அனுமதித்தால் மட்டும், தடை நீங்கும் நாளையும் மணியையும் குறித்து, அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகு அனுப்புங்கள். வாய்ச்சொல்லை நம்பி நான் ஒருமுறை பட்டிருக்கிறேன்.

சிலருக்கு மட்டும் முன்கூட்டிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கமான ஆஸ்கோ, தன் மாநாட்டின் ஆய்வுச் சுருக்கங்களை உறுப்பினர்களுக்கு மட்டும் முன்கூட்டி அனுப்பிவந்தது. அவை பங்குச் சந்தைவரை கசிந்தன. 2008 முதல் மாநாட்டுக்கு முன்பே பெரும்பாலான சுருக்கங்களை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வெளியிடத் தொடங்கியது.

ஒன்றை மறக்காதீர்கள். ஆய்வுக்கு வந்த தொழிலாளர் எவருக்காவது ஒவ்வாமை உறுதியாகியிருந்தால், அவரிடம் சொல்வதற்குத் தடை கிடையாது. அவர்கள் இருக்கும் குலசேகரத்துக்கு இன்றே போய்ச் சொல்லிவிடுங்கள்.