‘பேக் சீட் டிரைவர்’ என்றால் என்ன? எந்த இடத்தில் சொல்லலாம்?

வண்டியை ஒருவர் ஓட்டுவார். அவரை இன்னொருவர் ஓட்டுவார். அந்த இரண்டாவது ஆள்தான் பேக் சீட் டிரைவர்.

எங்கள் சித்தப்பாவைச் சொன்னால் சட்டென்று புரியும். திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்குக் காரில் போவோம். துவாக்குடி தாண்டுவதற்குள், “லாரிக்காரன் வழி விடுறான், ஏறிப் போடா” என்பார். ஏறினால், “அப்படி என்ன அவசரம் உனக்கு?” என்பார். தூரத்தில் ஒரு ஆடு தெரிந்தால் போதும், அவருடைய வலது கால் மிதியடியை அழுத்தும், அங்கே இல்லாத பிரேக்கைத் தேடி. அவருக்கு லைசென்ஸே கிடையாது என்பது தனிக்கதை. இத்தனைக்கும் அவர் உட்காருவது முன் சீட்டில்! எந்த சீட்டில் இருந்தாலும் பெயர் இதுதான்.

இதை ‘மூக்கை நுழைப்பவர்’ என்று தமிழாக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. மூக்கை நுழைப்பவருக்கு விஷயத்தில் ஒட்டும் இருக்காது, உறவும் இருக்காது. பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தால், “ஜாதகம் பொருந்துச்சா?” என்று மதில் மேல் எட்டிப் பார்ப்பார். பேக் சீட் டிரைவர் அதே வண்டியில்தான் வருகிறார். கவிழ்ந்தால் அவருக்கும் அடிபடும். ஸ்டியரிங் கையில் இல்லை, பயம் மட்டும் இருக்கிறது. அதனாலேயே அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடிவதில்லை.

அரசியலிலும் இந்தச் சொல் ஓடும். 1990 நவம்பரில் பிரிட்டன் பிரதமர் பதவியிலிருந்து இறங்கிய மார்கரெட் தாட்சர், இனி தான் நல்ல பேக் சீட் டிரைவராக இருக்கப் போவதாகச் சொன்னார். அடுத்து வந்த ஜான் மேஜருக்கு அது எப்படி இனித்திருக்கும்?

தாட்சர் தன்னைத்தானே சொல்லிக்கொண்டார், சரி. மற்றபடி இது குறை சொல்லும் வார்த்தைதான். நண்பரிடம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். மேலதிகாரியின் முகத்துக்கு நேரே வேண்டாம்.

அப்புறம் ஒன்று. ‘டேக் எ பேக் சீட்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அதற்குப் பொருள் நேர் எதிர்: பொறுப்பை அடுத்தவரிடம் விட்டு ஒதுங்கிக்கொள்வது. என் பழைய மேலாளர் ஒரு வேலையை என்னிடம் ஒப்படைத்து, ‘இனி நான் பேக் சீட்’ என்று எல்லோருக்கும் மெயில் போட்டார். அன்று சாயங்காலமே நான் தயாரித்த அறிக்கையில் எழுத்தின் அளவு 11-ஆ 12-ஆ என்று மூன்று முறை போன் வந்தது. பின் சீட்டுக்குப் போனது என்னவோ உண்மைதான்.